ஐந்து சென்டிமீட்டர்

அக்டோபரில் ஒரு ஞாயிறு. கெல்சோவில்
மழை ஒரு மணி நேரம் விட்டிருந்தது.
புல்வெட்டும் இயந்திரத்தை முதலில் வெளியே இழுத்தோம்.
பிறகு காற்றுப்போன சைக்கிள்கள்,
எந்தச் சுவருக்கும் போய்ச் சேராத பச்சைப் பெயின்ட்,
ஒற்றைக் காலுறை.
யாருடையதென்று அவனும் கேட்கவில்லை, நானும்.

வீட்டை விற்றால் கடன்போக
ஆளுக்கொரு அறைகூட மிஞ்சாது.
வங்கிப் பெண் கணக்கைத் திருப்பிக் காட்டியபோது
ஸ்ட்ருவான் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்:
வசந்தம் வரைக்கும் தோட்டத்து ஷெட்டில் இருந்துகொள்கிறேன்.
கிண்டல் என்று நினைத்தேன்.
மறுநாள் அளவு நாடாவோடு நின்றான்.

எட்டடிக்குப் பத்தடி.
இருபுறமும் வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப்பலகைகள்
வேனில் வந்து இறங்கின.
அறுப்பதற்கு ரம்பத்தைவிட
ரொட்டிக் கத்தி வாகு என்று கண்டுபிடித்தான்.
அந்த வாரம் முழுக்க என் டோஸ்ட்டில் நுரைத்துகள்.
தட்டிவிட்டுத் தின்றேன்.

அளவைவிட ஒரு நூல் கூட்டி வெட்டினால்
ஆணி வேண்டாம், இறுக்கமே பிடித்துக்கொள்ளும் என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
பதினோரு வருஷம் நாங்கள் அப்படித்தான் நின்றிருந்தோம்.

ஆனால் ஒட்டி அடைக்கக் கூடாதாம்.
வெளிப்பலகைக்கும் நுரைக்கும் நடுவே
ஐந்து சென்டிமீட்டர்
ஒன்றும் வைக்காமல் விட வேண்டும்,
காற்று போய்வர.
விடாவிட்டால் மரம் உள்ளுக்குள் வியர்த்து
மூன்றாம் வருஷம் விரல் வைத்தால் புதையும்.
"முன்னாடியே தெரிந்திருந்தால்" என்றேன்.
"இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை" என்றான்,
மூலையில் மரத்தைத் தட்டிப் பார்த்து.

வேலிக்கு மேலே மிசஸ் டர்ன்புல்லின் தொப்பி வந்தது.
ஆபீஸ் அறையா, உடற்பயிற்சிக்கா?
ஆமாம் என்றோம், ஒரே நேரத்தில்.
எது என்று அவள் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

குளிர்கூட இல்லை, மூச்சுதான் எதிரி.
ஓர் ஆள் ஓர் இரவில் விடும் மூச்சில்
ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கிறதாம்.
அது சுவருக்குள் போய்விடாமல்
உட்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் தாள்,
இணைப்பு தோறும் டேப்.
ஓர் ஆள் என்று அவன் சொன்னபோது
டேப்பை இழுத்த என் கை நின்றது.
பிறகு இழுத்தது.

கூரைக்கு ஒட்டுப்பலகை ஏற்றும்போது
உச்சந்தலையால் முட்டுக்கொடுத்தேன்.
என் நெற்றிக்கு மேலே அவன் முழங்கை,
திருகாணியை வாயில் கவ்வியபடி ஒரு குழறல்:
பிடிச்சிருக்கியா?
பிடிச்சிருக்கேன்.
போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு
நாங்கள் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.
ட்ரில் சுற்றியது. மரத்தூள் இமையில் விழுந்தது.
துடைத்துவிட இருவருக்குமே கை ஒழியவில்லை.

அவன் கட்டிலுக்கடியில்
என் டாலியாக் கிழங்குகளை வைத்தேன், பெட்டியோடு.
உறைந்தால் அழுகிவிடும், பார்த்துக்கொள்.
தெரியும் என்றான்.
ஹீட்டர், போர்வை, ரேடியோ, ஒரு மக்.
கத்தியைத் திருப்பித் தந்தான், கழுவி.

இன்று ஜனவரி. ராத்திரி முழுக்கப் பனி.
காலையில் சமையலறை ஜன்னலைத் துடைத்துப் பார்க்கிறேன்:
ஷெட் கூரையில் ஒரு சாண் வெண்மை
அப்படியே உட்கார்ந்திருக்கிறது,
ராபின் நடந்த தடம்கூட அழியாமல்.
பனி உருகாவிட்டால்
உள்ளே இருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம்.
அவன் சொல்லித்தான் தெரியும்.

நன்றாகத்தான் செய்திருக்கிறோம்.
அவன் எழுந்துவிட்டானா,
கிழங்குகள் எப்படி இருக்கின்றன,
இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை.

என் தலைக்கு மேலே
வீட்டுக் கூரை விடியலிலிருந்தே
சொட்டிக்கொண்டிருக்கிறது.